களியின் அமைப்பும் குணமும்: களிக்கனியங்களை இனங்காணல் பற்றிய ஓர் அறிமுகம்

இலக்கியத் துறையைச் சார்ந்த ஒருவன் களிமண்ணைப் பற்றிக் கட்டுரை எழுத முற்படுவது நமது பல்கலைக்கழகச் சூழலிலே சிறிது வியப்பை விளைவிக்கலாம். மண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவது, செய்யுளைப் பற்றித் தமிழில் எழுதுவது என்றொரு பிரிவினை நம்மிடையே எழுதாச் சட்டமாக நிலவிவருகின்றது. அதனை நானும் நெடுங்காலம் கேள்வியின்றியே ஏற்றிருந்தேன். புறநானூற்றின் 256 ஆம் செய்யுளை ஒருநாள் மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது இடறிற்று. கணவனை இழந்த பெண்ணொருத்தி குயவனை விளித்து, ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி வேண்டும் செய்யுள் அது. விவசாய பீடத்திலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "அவ்வளவு பெரிய தாழியை எந்தக் களியிலே வனைந்திருப்பார்கள், சேர்?" என்று வினவினார். "களிமண்ணில்தான்" என்றேன். "அது எனக்கும் தெரியும் சேர், எந்தக் களி?" என்றார் அவர்.

அவ்வினாவுக்கு விடைதேடப் புகுந்து அறிந்தவற்றுட் சிலவற்றைப் பொதுவாசகருக்கு விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். களி குழைகின்றது, நீருண்டு வீங்குகின்றது, காய்ந்து வெடிக்கின்றது, பயிர்ச்சத்துக்களைப் பற்றிவைக்கின்றது, தீயிலே கல்லாகின்றது. இக்குணங்கள் யாவும் களியின் இரசாயனச் சேர்க்கையிலிருந்து நேரே பெறப்படுவனவல்ல. அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையிலிருந்து பெறப்படுவன. ஆயின் அவ்வடுக்குமுறையும் வானத்திலிருந்து விழுந்ததன்று. மழையும் வடிகாலும் தாய்ப்பாறையும் நெடுங்காலமும் சேர்ந்து விளைத்த விளைபொருள் அது. அமைப்பை அறியாது குணத்தையும், வரலாற்றை அறியாது அமைப்பையும் விளக்கவியலாது என்பதே நான் இங்கு வலியுறுத்த விழைவது.

களிகள் பலவகைப்படும் என்ற உண்மையைக் குயவன் நெடுங்காலமாகவே அறிந்திருந்தான். ஒரு குளத்தின் மண்ணை எடுத்து, அடுத்த குளத்தின் மண்ணை விடுவான். இரண்டு மண்களைக் கலப்பான். மணல் சேர்த்து மிதிப்பான். ஈரமண்ணைக் கயிறாகத் திரித்து விரலிற் சுற்றி, அது முறிகின்றதா வளைகின்றதா என்று பார்ப்பான். இச்சோதனையின் திருந்திய வடிவமே இன்றும் மண்பொறியியல் ஆய்வுகூடங்களிற் செய்யப்படுகின்றது. இக்கையறிவு நூலேறிய முறை நோக்கற்பாலது. இன்று அறிவியல் உலகெங்கும் வழங்கும் 'கயோலின்' என்ற பெயர், சீனாவின் ஜிங்டெசென் நகருக்கருகே வெண்களி தோண்டப்பட்ட ஒரு குன்றின் பெயராகும். 'உயர்ந்த மேடு' என்பது அதன் பொருள். பிரெஞ்சு யேசுசபைத் துறவியாகிய தாந்திரகோல் 1712 இலும் 1722 இலும் எழுதிய கடிதங்கள் அந்நகரத் தொழிலாளரின் மண்ணையும் முறையையும் ஐரோப்பாவுக்கு விரிவாக அறிவித்தன. அதற்குச் சற்று முன்னர், 1710 இல், சாக்சனி மன்னன் மைசன் நகரிற் பீங்கான் தொழிற்சாலையைத் தொடக்கியிருந்தான். அதற்கான கலவையைக் கண்டறிந்த போட்கர் என்பவனை அவன் காவலில் வைத்தே வேலைவாங்கினான் என்பது பலரும் அறிந்த செய்தி. களியைப் பற்றிய அறிவு பொன்னுக்கு நிகரான பண்டமாகிவிட்ட காலம் அது.

அப்பண்டம் பெருந்தொழிலாக வளர்ந்த இங்கிலாந்தின் ஸ்ரபோட்ஷயர் மட்பாண்டத் தொழிலாளரின் நிலையை மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867), வேலைநாள் பற்றிய இயலில் எடுத்துக்காட்டியுள்ளார். அச்சிலேற்றிய பாண்டங்களை உலர்த்தும் அறைக்குச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுவனையும், அப்பகுதி மருத்துவர்கள் பதிவுசெய்த நெஞ்சுநோய்களையும் அவ்வியலை வாசித்தோர் மறத்தல் அரிது. நமது பொருளுக்கும் இதிலொரு பாடமுண்டு. களியும் பெரும்பாலும் சிலிக்காவாலானதே. ஆயினும் அத்தொழிலாளரின் நுரையீரலைப் பெரிதும் அரித்தது களித்தூளன்று. வெண்மைக்காகவும் உறுதிக்காகவும் சேர்க்கப்பட்ட, சுட்டு அரைத்த தீக்கற்றூளேயாகும். தீக்கல்லிலே சிலிக்கா தனித்து, குவார்ட்ஸ் பளிங்காக நிற்கின்றது. களியிலே அதே சிலிக்கா வேறு அணுக்களோடு பிணைந்து தகடாகக் கிடக்கின்றது. சேர்க்கை நெருங்கியது, அமைப்பு வேறு, விளைவும் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயனத்துக்கு இவ்வேறுபாடு எட்டவில்லை. எக்களியைப் பகுத்தாலும் சிலிக்கா, அலுமினா, நீர், சிறிது இரும்பு, மகனீசியம், பொற்றாசியம் என்ற அதே பட்டியல் சிறிது கூடிக்குறைந்து வந்தது. ஒரே பட்டியலையுடைய இரு களிகளில் ஒன்று நீரில் வீங்கிற்று, மற்றையது வாளாவிருந்தது. நுணுக்குக்காட்டியும் உதவவில்லை. மண்ணியலார் களி என்று கொள்வது 2 மைக்கிரோமீற்றருக்கு, அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றிலொரு பங்குக்கு, உட்பட்ட துணிக்கைகளை. சாதாரண ஒளியின் கீழ் அவை மங்கலான புள்ளிகளேயன்றி உருவங்களல்ல. ஆதலால் களி என்பது ஒழுங்கற்ற ஒருவகைக் கூழ் என்ற கருத்துப் பலரிடம் நிலைத்திருந்தது.

எனினும் அக்காலத்தே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு விவசாயத்தின் தேவையிலிருந்து பிறந்தது. நெற்றாசுகள் அல்ல, வயலே அதற்குத் தூண்டுகோல். எருவிலுள்ள அமோனியா மழையோடு ஓடிவிடாமல் எவ்வாறு மண்ணில் நிற்கின்றது என்று அறிய விரும்பிய தொம்சன் என்ற யோர்க்ஷயர் நிலக்காரர், அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண்ணினூடாக வடித்துப் பார்த்தார். அடியில் வடிந்தது பெரும்பாலும் கல்சியம் சல்பேற்றாக இருந்தது. அமோனியம் மண்ணிலே தங்க, அதற்கீடாகக் கல்சியம் வெளியேறியிருந்தது. வே என்ற இரசாயனர் 1850 இலும் 1852 இலும் வெளியிட்ட ஆய்வுகள் இப்பரிமாற்றம் மண்ணின் களிப்பகுதியிலேயே பெரிதும் நிகழ்கின்றது என்பதையும், நேரேற்றமுடைய அயன்களே இவ்வாறு பற்றப்படுகின்றன, நைத்திரேற்றுப் போன்றவை பற்றப்படுவதில்லை என்று இன்று நாம் கூறுவதற்கு ஆதாரமான உண்மைகளையும் நிலைநாட்டின. ஏன் என்ற வினா மேலும் எண்பது ஆண்டுகள் காத்திருந்தது.

விடைக்கு வழிதிறந்தது எக்ஸ்-கதிர். பளிங்கொன்றின் அணுவடுக்குகள் எக்ஸ்-கதிரைக் கோணச் செய்து ஒழுங்கான கோலத்தை உண்டாக்கும் என்பது 1912 இல் லாவேயின் குழுவினராற் காட்டப்பட்டது. அக்கோலத்தின் கோணங்களிலிருந்து அடுக்குகளிடைத் தூரத்தைக் கணிக்கும் விதியைத் தந்தையும் மகனுமாகிய பிறாக் இருவரும் அடுத்து வகுத்தனர். 1923 இல் ஹடிங்கும் 1924 இல் றின்னேயும் தனித்தனியே களியை இவ்வாறு சோதித்தபோது, கூழென்று கருதப்பட்ட பொருள் தெளிவான பளிங்குக் கோடுகளைத் தந்தது. 1930 இல் அமெரிக்க இரசாயனராகிய லைனஸ் போலிங் மைக்கா, குளோரைற், கயோலினைற் ஆகியவற்றின் பொது அமைப்பை வரைந்துகாட்டினார். களியியலின் இலக்கணம் அங்கேயே தொடங்குகின்றது எனலாம்.

அவ்விலக்கணத்தின் எழுத்துக்கள் இரண்டே. சிலிக்கன் அணுவொன்றைச் சூழ நான்கு ஒட்சிசன்கள் நிற்பது நான்முகி. அலுமினியம் அல்லது மகனீசியம் அணுவொன்றைச் சூழ ஒட்சிசன்களும் ஐதரொட்சில்களுமாக ஆறு நிற்பது எண்முகி. நான்முகிகள் தம் அடிமூலைகளிலுள்ள ஒட்சிசன்களைப் பங்கிட்டுக்கொண்டு, தேனடையின் கண்கள்போல் அறுகோணத் துவாரங்களுடைய ஒரு தகடாக விரிகின்றன. எண்முகிகளும் ஓரங்களைப் பங்கிட்டு இன்னொரு தகடாக விரிகின்றன. நான்முகிகளின் மேன்மூலை ஒட்சிசன்கள் எண்முகித் தகட்டுக்கும் உரியனவாகும்போது இரு தகடுகளும் பிரிக்கவியலாதவாறு ஒட்டி ஒரு படையாகின்றன. படை என்றது இங்குச் சேனையையன்று, அடுக்கையே. நமது அறிவியற் சொற்கோவைகள் தந்த சொல்லாதலால் அதனை மாற்ற நான் விரும்பவில்லை.

ஒரு நான்முகித் தகடும் ஓர் எண்முகித் தகடும் சேர்ந்த படை கயோலினைற் ஆகும். அதன் ஒருபுறம் ஒட்சிசன் முகம். மறுபுறம் ஐதரொட்சில் முகம். ஒன்றன்மேலொன்றாகப் படைகள் அடுக்கப்படும்போது ஒருபடையின் ஐதரொட்சில் அடுத்ததன் ஒட்சிசனை எதிர்கொள்கின்றது. அவற்றிடையே ஐதரசன் பிணைப்பு உண்டாகின்றது. தனியாக நோக்கின் அது வலுக்குறைந்த பிணைப்பே. முகம் முழுவதும் நெருங்கி நிற்கும்போதோ நீர்கூட உட்புகவியலாத கட்டாகிவிடுகின்றது. படைக்குப் படை தூரம் 0.72 நனோமீற்றர், நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியிலொரு பங்கு. கனியங்களில் ஐதரொட்சிலின் இவ்வகைப் பிணைப்பை 1935 இல் ஆராய்ந்து எழுதியவர்கள் பேர்னலும் ஹெலன் மெகாவும் ஆவர். 'வரலாற்றில் விஞ்ஞானம்' என்ற நூலின் ஆசிரியராக மட்டுமே பேர்னலை அறிந்த நம்மவர் பலர், அவர் தொழிலாற் பளிங்கியலாளர் என்பதை மறந்துவிடுகின்றனர். உயிரின் தோற்றத்துக்கு முன்னோடியான மூலக்கூறுகள் களிப்படைகளின் முகங்களில் ஒட்டிச் செறிந்திருக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தவரும் அவரே. பின்னாளில், 1990களில், மொன்மொரிலனைற் களியின் முகத்திலே அர்என்ஏயின் அலகுகள் நீண்ட சங்கிலிகளாக இணைவதை அமெரிக்க ஆய்வாளர் பெரிஸ் குழுவினர் பரிசோதனையிற் காட்டினர்.

இரண்டாவது வகையில் எண்முகித் தகடொன்றின் மேலும் கீழும் நான்முகித் தகடுகள் அமைகின்றன. இப்பொழுது இருபுறமும் ஒட்சிசன் முகங்களே. ஐதரசன் பிணைப்புக்கு இடமில்லை. மேலும் இவ்வகைப் படைகளில் ஓர் அணுவின் இருக்கையில் ஏறத்தாழ அதே பருமனுடைய வேறோர் அணு அமர்ந்துவிடுவது பெருவழக்கு. நான்கு ஏற்றமுடைய சிலிக்கனின் இடத்தில் மூன்று ஏற்றமுடைய அலுமினியம். அலுமினியத்தின் இடத்தில் இரண்டு ஏற்றமுடைய மகனீசியம். வடிவம் குலைவதில்லை; ஏற்றக்கணக்குக் குலைகின்றது. ஒவ்வொரு பிரதியீடும் படையில் ஒரு மறையேற்றத்தை மிச்சமாக விடுகின்றது. அதனை ஈடுசெய்ய வெளியிலிருந்து நேரேற்ற அயன்கள் படைகளுக்கிடையே வந்து தங்குகின்றன. தொம்சன் தம் வடிகலத்திலே கண்ட மாற்றத்துக்கு இதுவே காரணம்: இடையில் தங்கியிருந்த கல்சியம் வெளியேற, அமோனியம் அவ்விடத்தைப் பிடித்தது.

வந்து தங்கும் அயன் யாது, மறையேற்றம் படையில் எங்கே இருக்கின்றது என்ற இரண்டையும் பொறுத்துக் கனியம் மாறுபடுகின்றது. 1937 இல் கிறிம், பிரே, பிரட்லி மூவரும் இலினோய் மாநிலத்தின் பெயரால் 'இலைற்' எனப் பெயரிட்ட கனியத்தில், மறையேற்றம் பெரும்பாலும் நான்முகித் தகட்டிலே, முகத்துக்கு மிக அருகில் உள்ளது. அங்கு வந்து தங்குவது பொற்றாசியம். அதன் பருமன் ஒட்சிசன் முகத்தின் அறுகோணத் துவாரத்திற் செவ்வையாகப் பொருந்துவது. எனவே இரு படைகளையும் அது ஆப்பறைந்தாற்போல் இறுக்கிவிடுகின்றது. தூரம் 1.0 நனோமீற்றர், நீர் புகுவதில்லை. பிரான்சின் மொன்மொறியோன் ஊரின் பெயரால் 1847 இல் பெயரிடப்பெற்ற மொன்மொரிலனைற்றிலோ மறையேற்றம் குறைவு. அதுவும் பெரும்பாலும் நடுவிலுள்ள எண்முகித் தகட்டிலே, முகத்திலிருந்து விலகி உள்ளது. பிடி தளர்ந்த அப்படைகளிடையே சோடியமோ கல்சியமோ நீர்மூலக்கூறுகளை உடன் அழைத்துக்கொண்டு புகுந்துவிடும். காற்றில் உலர்ந்த நிலையில் 1.2 முதல் 1.5 நனோமீற்றர் வரை இருக்கும் இடைவெளி நீருண்டு மேலும் விரிகின்றது. கல்சியம் இருப்பின் விரிவு ஓரெல்லையில் நிற்கும். சோடியம் இருப்பின் படைகள் ஒன்றையொன்று கைவிட்டுப் பிரிந்துவிடவுங்கூடும். படைகளின் இடைவெளியே விரிந்து சுருங்குகின்றது என்ற இவ்வுண்மையை 1933 இல் ஹொவ்மன், என்டெல், வில்ம் ஆகியோர் வெளியிட்டனர்.

இவ்வளவும் அறிந்தபின் குணங்கள் தாமே விளங்குகின்றன. ஒரு கிராம் கயோலினைற்றின் மேற்பரப்புப் பொதுவாக 10 முதல் 20 சதுர மீற்றர்; உள்முகங்களும் திறந்துகொள்ளும் மொன்மொரிலனைற்றுக்கு அது 800 சதுர மீற்றரை எட்டும். யாழ்ப்பாணக் கணக்கிலே ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று பரப்புக் காணி! அயன்களை மாற்றிக்கொள்ளும் கொள்ளளவும் அவ்வாறே: 100 கிராமுக்குக் கயோலினைற் 3 முதல் 15 மில்லிச்சமவலு, இலைற் 10 முதல் 40, மொன்மொரிலனைற் 80 முதல் 150. குழைவு என்பது தட்டையான துணிக்கைகள் மெல்லிய நீர்ப்படலத்தின்மேல் வழுக்கி, தள்ளிய இடத்திலே நின்றுவிடுவது. கயோலினைற்றின் துணிக்கைகள் பெரியனவாதலால் அதன் குழைவு அளவானது. உலரும்போது சுருக்கமும் அளவானது. மொன்மொரிலனைற் மிகுந்த களி கையில் ஒட்டும். வனைந்த பாண்டம் உலர்கையில் நீரை விட்டு மிகச் சுருங்கி வெடிக்கும். குயவன் விட்டுச்சென்ற குளத்து மண்ணின் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

இனி இனங்காணும் முறைக்கு வருவோம். வயலிலிருந்து எடுத்த மண்ணில் களி தனித்து இருப்பதில்லை. இலைமக்கினை ஐதரசன் பேரொட்சைட்டாலும், சுண்ணத்தை மென்மையான அமிலத்தாலும் நீக்குகின்றனர். தேவைப்படின் இரும்பொட்சைட்டுப் பூச்சையும் களைகின்றனர். பின்னர் மண்ணை நீரிற் கலக்கி நெடிய கண்ணாடிப் பாத்திரத்திலே விடுகின்றனர். 20 பாகை செல்சியஸ் நீரில் 2 மைக்கிரோமீற்றர்த் துணிக்கை 10 சதமமீற்றர் இறங்க ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் செல்லும். அந்நேரங் கழித்து மேலுள்ள 10 சதமமீற்றர் நீரை வடித்தெடுப்பின் அதில் மிதப்பன களித்துணிக்கைகளே. அந்நீரைக் கண்ணாடித் தட்டொன்றில் ஊற்றி உலரவிடும்போது தகடுகள் சீட்டுக்கட்டைப்போல் ஒன்றன்மேலொன்றாகப் படுத்துக்கொள்கின்றன. எக்ஸ்-கதிர் அவற்றின் படைத்தூரத்தையே இப்பொழுது உரத்துக் கூறும். செப்பிலிருந்து பெறும் 0.154 நனோமீற்றர் அலைநீளக் கதிரைப் பயன்படுத்தின், கயோலினைற்றின் முதற்கோடு கதிர் சென்ற திசையிலிருந்து ஏறத்தாழ 12.4 பாகை விலகித் தோன்றும்.

ஆயின் ஒரு கோட்டைக் கண்டதும் பெயர்சூட்டிவிடுவது ஓர் ஏட்டை மட்டும் வைத்துப் பாடம் நிருணயிப்பதற்கு ஒப்பாகும். 0.72 நனோமீற்றரில் கோடு தருவது கயோலினைற் மட்டுமன்று, 1.4 நனோமீற்றர்ப் படைத்தூரமுடைய குளோரைற்றின் இரண்டாம் கோடும் ஏறத்தாழ அங்கேயே விழும். 1.4 நனோமீற்றரில் குளோரைற்றும் வேர்மிக்குலைற்றும் மொன்மொரிலனைற்றும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். பதிப்பாசிரியன் பல ஏடுகளை ஒப்புநோக்குவதுபோல் ஆய்வாளனும் ஒரே மாதிரியைப் பல நிலைகளிற் சோதிக்கின்றான். முதலில் உலர்ந்த நிலையிற் கோலம் பெறப்படும். அடுத்துக் கிளைக்கோல் ஆவியில் வைக்கப்படும். மொன்மொரிலனைற் அதனை உண்டு 1.7 நனோமீற்றருக்கு விரியும். குளோரைற்றும் இலைற்றும் அசையா. வேர்மிக்குலைற் பெரும்பாலும் அசையாது. இறுதியாக 550 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்படும். மொன்மொரிலனைற்றும் வேர்மிக்குலைற்றும் நீரிழந்து 1.0 நனோமீற்றருக்கு ஒடுங்கும், கயோலினைற்றின் கோடு முற்றாக மறையும், குளோரைற்றின் 1.4 நனோமீற்றர்க் கோடு நிலைத்திருக்கும். நான்கு சாட்சிகளும் இப்பொழுது வெவ்வேறாகப் பேசுகின்றன.

இம்முறைக்கும் அடங்காத மண்கள் உண்டு. இலைற்றின் படைகளிடையே மொன்மொரிலனைற்றின் படைகள் கலந்து அடுக்கப்பட்ட களிகள் இயற்கையில் மிகுதி. அவை இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தூரத்திலே பரந்த, தெளிவற்ற கோட்டைத் தரும். இடைச்செருகல்களைப் பிரித்தறிய முயன்றோருக்கு இவ்விடர் புதியதன்று. அத்தகைய வேளைகளில் வெப்பப்பகுப்பு உதவுகின்றது. களியைச் சீராகச் சூடாக்கி அதன் வெப்பநிலை எவ்விடத்தில் தயங்குகின்றது எனக் காண்பதே அதன் தத்துவம். சமநிலைத் தத்துவத்தால் நமது உயர்தர வகுப்பு மாணவரும் பெயரறிந்த இலச்சற்றலியர் 1887 இல் இதனைத் தொடக்கிவைத்தார். கயோலினைற் 550 முதல் 600 பாகை வரையில் தன் ஐதரொட்சில்களை நீராக இழக்க வெப்பத்தை உறிஞ்சுகின்றது. தூய கனியம் இவ்வாறு இழப்பது தன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பங்கு. 980 பாகையளவில் புதிய பளிங்குகள் பிறக்க வெப்பத்தை வெளிவிடுகின்றது. இலத்திரன் நுணுக்குக்காட்டியோ உருவத்தையே காட்டிவிடுகின்றது: கயோலினைற் அறுகோணத் தகடுகளாகவும், அதே சேர்க்கையையுடைய அதன் உறவினமாகிய ஹலோய்சைற் சுருட்டிய பாய்போன்ற குழாய்களாகவும் காட்சியளிக்கும்.

அமைப்பே யாவும் என்று இவ்விடத்தில் நிறுத்திவிடுவது எளிது. நமது விமரிசனத் துறையில் அமைப்பியல் பேசும் நண்பர்கள் சிலர் அவ்வாறே நிறுத்துகின்றனர். களியோ நிறுத்த இடந்தரவில்லை. ஒரே பெல்சுபார்ப் பாறை, மிகுமழையும் நல்ல வடிகாலும் உள்ள இடத்தில் தன் பொற்றாசியம், சோடியம், கல்சியம் ஆகியவற்றையும் சிலிக்காவின் ஒரு பகுதியையும் நீருடன் இழந்து கயோலினைற் ஆகின்றது. கழுவுதல் இன்னும் நீடிப்பின் எஞ்சிய சிலிக்காவும் போய் அலுமினியம் ஐதரொட்சைட்டே மிஞ்சும். மழை குறைந்து வடிகாலும் தடைப்பட்ட தாழ்நிலத்திலோ, கரைந்தவை ஓடிப்போகாமல் தேங்கி, மகனீசியமும் சிலிக்காவும் மிகுந்த சூழலிலே மொன்மொரிலனைற் பிறக்கின்றது. கனியத்தின் அமைப்பைக் கண்டவர் அந்நிலத்து நீரின் வரலாற்றையே காண்கிறார் எனலாம்.

இலங்கையில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. ஈரவலயத்திலே பொரலஸ்கமுவவிலும் மீற்றியாகொடையிலும் தோண்டப்படுவது கயோலின். உலர்வலயத்து மன்னார் மாவட்டத்தில் முருங்கனைச் சூழ்ந்த கரிய நிலம் மொன்மொரிலனைற் மிகுந்தது. மண்ணியலார் அதனைக் கிறுமுசோல் என்பர். கோடையில் கைநுழையும் அளவுக்கு வெடிப்பதும், மாரியில் வண்டிச்சில்லை விடாது பற்றுவதும் அதே படைகளின் செயலே. கட்டுக்கரைக்குளத்து நீர் அவ்வயல்களில் நெல்லுக்கு நன்கு தேங்கிநிற்பதும் அதனாலேயே. செம்மண்ணில் இடுவதுபோன்ற ஆழமற்ற அத்திவாரத்தை அந்நிலத்திலே இட்டு வீடுகட்டினால் சில மாரிகளுக்குள் சுவர் பிளக்கும். வீட்டுத்திட்டங்களை வரைவோர் மாதிரிப்படத்துக்கு முன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். தமிழகத்துக் கரிசல் நிலமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கி. ராஜநாராயணன் முதலியோரின் எழுத்தைக் 'கரிசல் இலக்கியம்' என வகைப்படுத்தும் நாம், அம்மண் ஏன் வானம்பார்த்த பருத்தியைத் தாங்குகின்றது என்று கேட்பதில்லை. படைகளிடையே சேமித்த நீரே அதற்கு விடை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் இதற்கு மறுதலை. சுண்ணக்கல்லின்மேல் நன்கு வடிந்து முதிர்ந்த அம்மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைற். இரும்பொட்சைட்டே அதன் செந்நிறம். வெடிப்பதில்லை, ஒட்டுவதில்லை, ஆனால் அயன்களைப் பற்றும் வலுவும் குறைவு. தோட்டத்திலே இடப்படும் யூரியா அமோனியமாகின்றது. அமோனியத்தைக் களியின் மறையேற்றம் ஓரளவேனும் பற்றும். ஆனால் மண்ணிலுள்ள பக்றீரியாக்கள் சில வாரங்களுள் அதனை நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. மறையேற்றமுடைய நைத்திரேற்றை மறையேற்றமுடைய படை பற்றுவதில்லை; அடுத்த நீர்ப்பாய்ச்சலில் அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாகக் கிணற்றைச் சேர்கின்றது. குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்துள்ளமை பல ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தாராளமாக இடப்பட்ட பசளை அதன் முதற்காரணங்களுள் ஒன்று. கூடுதலாக இட்டாற் கூடுதலாக விளையும் என்று விற்றவருக்கு இலாபம். மண் எதைப் பற்றும், எதைப் பற்றாது என்பதைத் தோட்டக்காரனுக்குத் தமிழில் எவரும் சொல்லவில்லை. 1850களில் அறியப்பட்ட செய்தி இது.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வரலாம். சுட்ட ஓட்டில் களிக்கனியத்தைத் தேடுவது எரிந்த ஏட்டில் எழுத்தைத் தேடுவது போன்றது. காய்ந்த பச்சைப்பாண்டத்தை நீரிலிட்டாற் கரைந்து மீண்டும் களியாகும். ஐதரொட்சில்களை இழந்த பாண்டம் அவ்வாறு கரைவதில்லை. ஆயினும் இழப்பே சிலவேளை சான்றாகின்றது. கயோலினைற்றின் அமைப்பு 550 பாகையளவிற் குலைய, இலைற்றின் அமைப்பு ஏறத்தாழ 850 முதல் 900 பாகை வரை தாக்குப்பிடிக்கின்றது. ஆகவே ஓர் ஓட்டில் இலைற்றின் கோடு எஞ்சியிருந்து கயோலினைற்றின் கோடு காணப்படாவிடின், சூளையின் வெப்பம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதென்று கருத இடமுண்டு. கயோலினைற் அம்மண்ணில் முதலிலேயே இல்லாதிருந்திருக்கவும் கூடும். அதனால் அகழ்விடத்தைச் சுற்றியுள்ள குளங்களின் சுடாத களியையும் அதே முறையிற் சோதித்து ஒப்பிட்ட பின்னரே முடிபு கூறல் தகும். ஆளுயரத் தாழியைப் பொறுத்தவரை இவ்வளவு சொல்லலாம்: மொன்மொரிலனைற் மிகுந்த களியை மட்டுங்கொண்டு அதனை வனைந்திருக்க முடியாது, சூளையைக் காணுமுன்னரே அது நிழலில் வெடித்திருக்கும். கயோலினைற்றும் இலைற்றும் பெரும்பங்காகவுள்ள களியிலே மணலோ உமியோ சேர்த்து, கனத்த சுவரினூடாக நீர் மெல்ல வெளியேற வழிசெய்து, பல நாட்கள் உலரவைத்தே அத்தகைய தாழி சூளைக்குச் சென்றிருக்கும்.